ஓவர்டிரைவ் விழும் சத்தம்

அவருடைய பெயர் அந்தத் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. காது மெக்கானிக் என்று கேட்டால் யாரும் வழி காட்டிவிடுவார்கள். வண்டியை ஷெட் வாசலில் நிறுத்தி, "என்னமோ சத்தம் வருதுங்க" என்று இழுத்தால் போதும், பானெட்டைத் திறக்கக்கூட மாட்டார். தலையை லேசாகச் சாய்த்து, "மூணாவது வால்வு" என்பார், "பின்னாடி வலது பேரிங்" என்பார். பிரித்துப் பார்த்தால் அதுவாகவே இருக்கும். இதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

ஷெட்டில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. அவர் கையைத் தூக்கினால் எல்லாரும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். அவர் கேட்டுவிட்டு எதைச் சொல்கிறாரோ அதுதான் சத்தம். "எனக்கு வேற மாதிரி கேக்குது" என்று அங்கே யாரும் சொன்னது கிடையாது. எல்லாரும் என்றால் ஒரு பட்டாளமே இல்லை. அவர், அவருடைய மச்சினன், பின்கட்டிலேயே வீடு என்பதால் அவ்வப்போது வந்து எட்டிப் பார்க்கும் மனைவி, அவ்வளவுதான். மச்சினன், மனைவியின் சொந்தத் தம்பி. அக்காவுக்குக் கல்யாணமான புதிதில் மாமாவோடு கிரீஸில் கை வைத்தவன், அப்படியே ஒட்டிக்கொண்டான். கோபமோ அழுகையோ வந்தால் சிலருக்குக் குரல் ஏறும், அவனுக்கு இறங்கும்.

பல் டாக்டரின் பழைய கார் அந்த ஷெட்டுக்கு வந்தபோது அவர் குஷியாகத்தான் இருந்தார். தாத்தா வயசுள்ள வண்டி. கியர்பாக்ஸுக்குப் பின்னால் ஓவர்டிரைவ் என்று தனியாக ஒரு குட்டிப் பெட்டி. நாலாவது கியரில் ஓடும்போது சுவிட்சைத் தட்டினால், வேகம் குறையாமலே எஞ்சின் மட்டும் மூச்சு வாங்குவதை நிறுத்திவிட்டு நிதானமாகச் சுற்றும். இப்போது சுவிட்சைத் தட்டினால் ஒன்றும் நடக்கவில்லை. எஞ்சின் பாட்டுக்கு அலறிக்கொண்டே இருந்தது.

"நீங்க காதை வச்சாப் போதும், வண்டி தானா உண்மையைச் சொல்லிடும்" என்றார் டாக்டர். ஊரார் வாயைத் திறக்க வைத்தே பழகியவர், பேச்சுக்கு என்ன குறைச்சல்.

இந்தக் கோளாறுக்கு முதல் சோதனை எளிது. எஞ்சினை ஓடவிடாமல் சாவியை மட்டும் திருப்பி, நாலாவது கியரில் போட்டு, சுவிட்சைத் தட்ட வேண்டும். அடியில் சோலனாய்டு என்கிற சுருள் மின்சாரம் வாங்கி, உள்ளே இருக்கும் கம்பியை வெடுக்கென்று இழுக்கும். 'டக்' என்று கேட்கும். கேட்டால் மின்சாரப் பக்கம் சுத்தம், பெட்டியை இயக்கும் ஆயில் பக்கம் போகலாம். கேட்கவில்லையென்றால் வயர், சுவிட்ச், சோலனாய்டு என்று தேட வேண்டும்.

மச்சினன் உள்ளே உட்கார்ந்து சுவிட்சைத் தட்டினான். அவர் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு கையைத் தூக்கினார்.

"சத்தமே இல்ல. கரண்ட் பக்கம்தான் கோளாறு."

மச்சினன் ஏதோ சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டான்.

அதிலிருந்து பிடித்தது சனி. சுவிட்சை மாற்றினார்கள். இல்லை. சோலனாய்டைக் கழற்றி மேஜைமேல் வைத்து பேட்டரியில் தொட்டால், கம்பி கண்ணெதிரே துள்ளியது. திரும்ப மாட்டினால் சத்தம் இல்லை. வேறொன்று வாங்கி வந்து மாட்டியும் அதே கதை. "வெளியில துள்ளுது, உள்ள போனா செத்துப்போகுது, இது என்ன மாயமோ" என்று தலையைப் பிய்த்துக்கொண்டார். மேஜைமேல் துள்ளியபோது அதைக் கண்ணால் பார்த்தாரா, காதால் கேட்டாரா என்று அவரை யாரும் கேட்கவில்லை. அவரும் யோசிக்கவில்லை.

கடைசியில் மச்சினன் புது வயர் இழுத்தான். மின்சாரம் வருகிறதா என்று காட்டும் டெஸ்ட் லைட் பளிச்சென்று எரிந்தது. அவர் அடியில் படுத்துக் கையைத் தூக்கினார். மறுபடியும் சத்தம் இல்லை.

அன்றைக்குப் பார்த்து வாடிக்கையாளர்கள் இரண்டு பேர் டீ குடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவருக்கு மானம் போனது போல் இருந்தது. யார் மேலாவது பாய வேண்டும். பக்கத்தில் இருந்தவன் மச்சினன்.

"வயர் இழுக்கிற லட்சணமா இது? இத்தனை வருஷம் என்ன கத்துக்கிட்ட நீ? உன்னைக் கூட வச்சுக்கிட்டு என் பேரும் சேர்ந்து நாறுது."

மச்சினன் துணியில் கையைத் துடைத்தான். விரல் விரலாக, ரொம்ப நேரம் துடைத்தான். பிறகு துணியை மடித்து வைத்துவிட்டுப் போனவன், மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. எதிர்ச்சாரியில் இருக்கும் டயர் கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான் என்று மனைவிதான் சொன்னாள். சாப்பாட்டுத் தட்டை வைத்த வேகத்திலேயே அவள் மனசு தெரிந்தது.

சுவிட்சைத் தட்ட ஆள் இல்லாததால் அவளையே டிரைவர் சீட்டில் உட்கார வைத்தார். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி விறைப்பாக உட்கார்ந்தாள்.

"தட்டு" என்றார் அடியிலிருந்து.

"தட்டிட்டேங்க."

சத்தம் இல்லை. சலித்துப்போய், ஒருவேளை சூடேறிவிட்டதோ என்று பார்ப்பதற்காக சோலனாய்டின்மேல் உள்ளங்கையை வைத்தார்.

"இன்னொரு தடவை."

உள்ளங்கையில் ஏதோ உதைத்தது.

அவர் கையை எடுக்கவில்லை. "அணை" என்றார். உள்ளே ஏதோ தளர்ந்தது. "தட்டு." மறுபடி உதைத்தது, நல்ல திடமான உதை. மச்சினன் இழுத்த வயர் கொண்டு வந்து கொடுத்த உதை. காதில் மட்டும் எதுவும் விழவில்லை. அவர் எத்தனை முறை தட்டச் சொன்னார் என்று அவருக்கே நினைவில்லை. ஒவ்வொரு முறையும் கை துள்ளியது, காது சும்மா கிடந்தது. 

வெளியே வந்து, தரையிலேயே உட்கார்ந்துகொண்டு மனைவியை அண்ணாந்து பார்த்தார்.

"உனக்குக் கேட்டுச்சா?"

அவள் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கேட்டுச்சு."

"எப்போ?"

"ஒவ்வொரு தடவையும்."

"ஏன் சொல்லல?"

"நீங்கதான் இல்லன்னு சொல்றீங்களே. உங்க காதுக்குக் கேக்காதது எனக்கு எப்படிக் கேக்கும்னு நினைச்சேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "குழாயை மூடாம வந்துடுறீங்க. வாசல்ல ஆள் கூப்பிட்டாத் திரும்ப மாட்டேங்கிறீங்க. எனக்குச் சந்தேகம்தான். சொல்லப் பயமா இருந்துச்சு."

"உன் தம்பிக்கும் கேட்டிருக்குமா?"

"முதல் நாளே கேட்டிருக்கு. மாமா இல்லன்னு சொல்றப்ப நான் எப்படிக்கா இருக்குன்னு சொல்றதுன்னு என்கிட்ட வந்து அழுதான்."

 தொழில் போனது ஒரு பக்கம் இருக்கட்டும். இல்லாத குற்றத்துக்காக ஒருத்தனை நாலு பேர் முன்னால் அவமானப்படுத்தினோமே என்பதுதான் அவர் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது. அவன் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லியிருந்தால் தன் மானம்தான் போயிருக்கும், அதனால்தான் வாயைத் திறக்காமல் போயிருக்கிறான் என்பதும் இப்போது புரிந்தது.

'டக்' இருக்கிறது என்று தெரிந்த பிறகு மிச்ச வேலை ஒன்றுமே இல்லை. ஆயில் பக்கம் போனார். அடிமூடியைக் கழற்றி வடிகட்டியை எடுத்தால், கரி மாதிரி அழுக்கு அப்பியிருந்தது. கழுவி, புது ஆயில் ஊற்றினார். முதல் நாளே, ஒரு மத்தியானத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை.

டாக்டர் வந்து, அவரையும் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் ஓட்டினார். சுவிட்சைத் தட்டினார். எஞ்சின் அடங்கியிருக்க வேண்டும். காது மெக்கானிக் பார்த்தது, எஞ்சின் சுற்றைக் காட்டும் மீட்டரில் முள் சரசரவென்று இறங்குவதைத்தான்.

"கேட்டீங்களா, எப்படி அடங்குது பாருங்க. உங்க காதுக்கு முன்னாடி மெஷினெல்லாம் எம்மாத்திரம்?" என்று உரக்கச் சொன்னார் டாக்டர்.

அவர் தலையாட்டினார். அந்தப் பாராட்டைப் போல் அவரைக் கொன்றது வேறெதுவும் இல்லை.

இறங்கியதும் ஷெட்டுக்குள் போகாமல் நேராகச் சாலையைத் தாண்டி டயர் கடைக்குப் போனார். கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது. அது ஓடுவது காதைவிட பெல்ட் சுற்றியதில்தான் அவருக்கு அதிகம் தெரிந்தது. மச்சினன் குத்துக்காலிட்டு ஒரு சக்கரத்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான். மாமாவைப் பார்த்துவிட்டு மறுபடி தலையைக் குனிந்துகொண்டான்.

அவரும் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். யாரிடமும் மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத மனுஷன், டயரின் ஓரத்தைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"உன் வயர்ல ஒரு தப்பும் இல்ல மாப்ள. என் காதுதான் போச்சு. நான் பேசினது தப்பு. ஷெட்டுக்கு வந்துடுறியா?"

மச்சினனின் கை நின்றது. சக்கரத்தைப் பார்த்தபடியே உதடு அசைந்தது. ஒரு வாக்கியம் இருக்கும், இரண்டாகவும் இருக்கலாம். எப்போதும் போல் குரலை இறக்கித்தான் பேசியிருப்பான். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு தலையைச் சாய்த்தார். பேசி முடித்தவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த சக்கரத்தை உருட்ட எழுந்து போனான். வருகிறேன் என்று அழுதானா, இனி முடியாது என்று அழுதானா?

இன்னொரு தடவை சொல்லு என்று கேட்கலாம். அவ்வளவையும் அவனை மறுபடி சொல்ல வைக்க அவருக்கு மனசு வரவில்லை. கேட்டுவிட்டது போலத் தலையாட்டிவிட்டு வந்தார்.

ஷெட் வாசலிலேயே மனைவி நின்றிருந்தாள்.

"என்ன சொன்னான்?"

அவர் உள்ளே போய் ஸ்டூலில் உட்கார்ந்தார். காதில் விழவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, அவள் கிட்டத்தில் வந்து குனிந்து, உரக்கக் கேட்டாள்.

"தம்பி என்னங்க சொன்னான்?"

"நீ பேசுறது கேக்குது" என்றார். "அவன் சொன்னதுதான் கேக்கல."