பதினொரு நாள் தாமதம்

செத்தவர்களோடு பேசுவதுதான் மனித குலத்தின் மிகப் பெரிய மின்கசிவு என்று ஓய்வுபெற்ற மீட்டர்காரர் தையல்கடையில் அறிவித்த வாரத்தில்தான், தையல்காரரின் குரல் ஒரு நாள் தாமதமாக வர ஆரம்பித்தது. வாய் இன்றைக்கு அசையும். சத்தம் நாளைக்கு அதே நேரத்தில், அவருடைய நாற்காலியிலிருந்து வரும்.

மீட்டர்காரர் முப்பத்தாறு வருடம் கரன்ட் மீட்டர் கணக்கெடுக்க வீடு வீடாக ஏறி இறங்கியவர். "மீட்டர் ஓடலைன்னா வீட்ல ஆள் இல்லை டெய்லரு. அவ்வளவுதான் தத்துவம்." தையல்காரரோ, தைத்து முடித்த ஒவ்வொரு சட்டையையும் செத்துப்போன மனைவிக்குத் தூக்கிக் காட்டி, "காலர் நிக்குதா பாரும்மா" என்று கேட்பவர். இதற்காகவே இருவரும் தினமும் நாலு மணிக்குச் சண்டை போட்டார்கள். சண்டைக்கு ஒருநாளும் லீவு விட்டதில்லை.

தெரு சீக்கிரமே பழகிக்கொண்டது. பேன்ட் எப்போது கிடைக்கும் என்று கேட்டவர்கள் மறுநாள் வந்து பதிலை வாங்கிப் போனார்கள். மீட்டர்காரர் மட்டும், லூஸ் கனெக்‌ஷன் என்று சொல்லி நண்பரின் தாடையில் டெஸ்டரை வைத்துப் பார்த்தார். எரியவில்லை. தாமதம் இரண்டு நாளாகி, ஐந்தாகி, மழைக்காலம் முடிவதற்குள் பதினொன்றில் வந்து நின்றது. தையல்காரருக்கு எண்களைத் தவிர எதுவும் எழுதத் தெரியாது. ஆகவே இன்றைய கேலிக்கான பதில் பதினொரு நாள் கழித்து வந்தது. அதற்குள் என்ன கேலி செய்தோம் என்பது மீட்டர்காரருக்கே மறந்திருக்கும்.

ஒரு செவ்வாய்க்கிழமை தையல்காரர் நெஞ்சில் கைவைத்து வெகுநேரம் வாயசைத்தார். மனைவி இங்கேதான் இருக்கிறாள் என்று சொல்லும்போதும் அவர் அப்படித்தான் கைவைப்பார். "சரி சரி, கேட்டுட்டு பதில் சொல்றேன்" என்று சிரித்தபடி மீட்டர்காரர் செருப்பை மாட்டினார். அவர் தெருமுனையைத் தாண்டுவதற்குள் தையல்காரர் மிஷின்மேல் சாய்ந்து இறந்துபோனார்.

அடக்கம் முடிந்த மறுநாளும் குரல் வந்தது. பட்டன், நூல், மழை என்று வழக்கமான பேச்சு. மீட்டர்காரர் தினமும் முன்கூட்டியே போய் உட்கார்ந்தார். பதினொன்றாம் நாள் வரப்போவதைச் சீக்கிரம் கேட்கவும் வழியில்லை, வராமல் தடுக்கவும் வழியில்லை. அது வந்தது.

"மூச்சு முட்டுதுய்யா மீட்டரு... டாக்டரைக் கூப்பிடு... சிரிக்காதய்யா. கிளம்பிட்டியா? சரி, பாத்துப் போ. படி ஈரமா இருக்கு."

அதற்குப் பிறகு நாற்காலி வெறும் நாற்காலிதான். மறுநாள் நாலு மணிக்கு மீட்டர்காரர் அதற்கு எதிரே உட்கார்ந்து, படி வழுக்கவில்லை என்று தணிந்த குரலில் சொன்னார். தையல்காரர் போனபிறகு கடையை நடத்தும் அவர் மகள் திரும்பிப் பார்த்தாள்.

"யார்கிட்ட மாமா பேசுறீங்க?"

"உங்கப்பாகிட்டதாம்மா. பதில் வர லேட்டாகும்."

அவர் பேசி முடிக்கட்டும் என்று அவள் மிஷினை நிறுத்திக்கொண்டாள்.