கொளுத்து அக்கா

"மொட்டை போட்ட பிறகுதான்யா மனுஷனோட விரலுக்கே ஞானம் வந்துச்சு" என்றார் சலூன்காரர், கத்தரிக்கோலை அந்தரத்தில் நிறுத்தி.

பாதி வெட்டிய தலையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்த கேஷியர், கண்ணாடி வழியாகவே அவரை முறைத்தார். "முடி வெட்டிப் பொழைக்கிற ஆளு நீங்க. மொட்டைக்கு ஓட்டுப் போடறது தொழில் துரோகம் இல்லையா?"

"மொட்டையும் நாங்கதானே அடிக்கிறோம்? தலையை ஆட்டாம உக்காருங்க. காது போயிடும். அப்புறம் எந்தக் கட்சின்னாலும் கேக்காது."

இவர்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தது ஒரு கிட்டார்காரரைப் பற்றி. ரசிகர்களுக்கு அவர் 'நெட்டையர்'. வாலிபத்தில் இடுப்பு வரைக்கும் முடி வளர்த்து, மேடையில் பேய் பிடித்தவர் போல வாசித்தவர். பிற்காலத்தில் ஒருநாள் திடீரென்று தலையை மழித்துக்கொண்டு, ஒரு சுரத்தை வாசித்துவிட்டு அடுத்த சுரத்துக்கு நம்மைக் காக்கவைக்கிற ஆளாக மாறிப்போனார். மேடைக் கச்சேரியில் அவருடைய உச்சம் எது? முடியோடு இருந்த காலம் என்பவர்கள் முடிக் கட்சி. மற்றவர்கள் மொட்டைக் கட்சி. உலகம் முழுக்க இந்தச் சண்டை உண்டு. இந்தத் தெருவில் அதற்கு இடம் சலூன்.

சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த லிஃப்ட் மெக்கானிக் வாயையே திறக்கவில்லை. அது வழக்கத்துக்கு விரோதம். முடிக் கட்சியின் தலைவரே அவர்தான். எல்லோருக்கும் அவர் 'லிஃப்ட்டு'. அன்று அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. எழுந்து போய்த் தெருவைப் பார்த்தார். திரும்பி வந்து ஒரு வாரப் பத்திரிகையைப் புரட்டினார். அதைத் தலைகீழாகப் பிடித்திருப்பது தெரிந்ததும் வைத்துவிட்டார்.

காரணம் இருந்தது. பழைய கச்சேரிகளைத் தேடிப்பிடித்து இசைத்தட்டாக வெளியிடும் ஆள் ஒருவர், சாயங்காலம் லிஃப்ட்டைப் பார்க்க இந்தக் கடைக்கே வருவதாக இருந்தார். லிஃப்ட்டிடம் ஒரு கேசட் இருந்தது. முடிக் காலத்தில், ஒரு திறந்த மைதானத்தில் நெட்டையர் வாசித்த கச்சேரியைச் சட்டைக்குள் சின்ன டேப் ரெக்கார்டரை ஒளித்துவைத்து அவர் பதிவு செய்தது. அந்தக் கச்சேரிக்கு அது ஒன்றுதான் சாட்சி. நகலின் நகல், அதன் நகல் என்று அது கடல் தாண்டிப் போயிருந்தது. முடிக் கட்சிக்கு அதுவே வேதம். கடைசிப் பாட்டில் கிட்டார் சாதாரணமாகப் புறப்படும். போகப்போக வேகம் பிடித்து, முடிவில் இது விரலா தையல் மிஷினா என்று கேட்க வைக்கும். அந்த உச்சத்தில், ரொம்பப் பக்கத்திலிருந்து ஒரு பெண் குரல் கீச்சென்று கத்தும்: "கொளுத்துய்யா!" அடுத்த நொடி ஒரு விசும்பல்.

அந்தப் பெண் யார் என்று யாருக்கும் தெரியாது. ரசிகர்கள் அவளுக்குக் 'கொளுத்து அக்கா' என்று பேர் வைத்துவிட்டார்கள். மொட்டைக் கட்சிக்காரரான சலூன்காரர்கூட அந்த ஓர் இடத்துக்காகவே கேசட்டைக் கேட்பார். "அழறா பாரு. வாசிப்பைக் கேட்டு அழத் தெரிஞ்ச பொண்ணு" என்பார். அவர் கல்யாணமே செய்துகொள்ளாததற்கு அக்காதான் காரணம் என்று கேஷியர் ஓட்டுவார். அதை மட்டும் சலூன்காரர் மறுத்ததே இல்லை.

"எனக்கு ஒரு சந்தேகம் லிஃப்ட்டு" என்றார் கேஷியர். ரிட்டயர் ஆகப்போகிற வயதில் அவர் கிட்டார் கற்றுக்கொண்டிருந்தார். "அந்தக் கடைசிப் பாட்டைப் போட்டுட்டு கூடவே வாசிச்சுப் பாக்கறேன். ஆரம்பத்துல ரெண்டு கிட்டாரும் ஒட்டிப் போகுது. போகப்போக அவர் மேல ஏறிக்கிட்டே இருக்கார். கடைசியில நான் எங்க அமுக்கினாலும் சேர மாட்டேங்குது."

"உங்க விரல் அப்படி."

"என் விரல் மோசம்தான். ஆனா கிட்டார் என்ன பாவம் பண்ணுச்சு?"

"இருங்க, மெதுவா ஓடவிட்டுப் பாப்போம்" என்று சலூன்காரர், கேசட்டின் நகல் ஏறியிருந்த தன் போனை எடுத்தார். அதில் பாட்டின் வேகத்தைக் குறைக்க ஒரு வசதி இருந்தது. சுற்றுகிற தட்டைக் கையால் அழுத்திப் பிடித்த மாதிரி, வேகத்தோடு குரலும் சேர்ந்து இறங்கும். அவர் கடைசிப் பாட்டின் கடைசிப் பகுதியைப் போட்டு, விரலால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்தார். கேஷியர் கழுத்துத் துணியோடு காதைச் சாய்த்தார். "இங்க, இங்க! இப்ப சேருது பாருங்க! இப்பதான் இது கிட்டார் மாதிரி இருக்கு."

தையல் மிஷின் போய்விட்டது. அங்கே ஒரு மனிதர் நிதானமாக வாசித்துக்கொண்டிருந்தார். அப்போது அக்கா வந்தாள்.

"கொளுத்துய்யா!"

கட்டையான ஆண் குரல். அதன் பின்னாலேயே, விசும்பல் இருந்த இடத்தில், அடைத்த மூக்கை உறிஞ்சும் ஒரு "க்ர்ரும்".

கேஷியர் துணிக்குள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "அய்யய்யோ! அக்கா இல்லய்யா இது, அண்ணன்!"

சலூன்காரரின் முகம் தொங்கிப்போய்விட்டது. லிஃப்ட்டு அதைப் பார்க்கவில்லை. சின்ன வயதிலிருந்து ஒரே அறையில் படுத்து, ராத்திரி முழுக்க அந்தக் "க்ர்ரும்"மைக் கேட்டு, தலையணையைத் தூக்கி எறிந்தவர் அவர். ஊரில் எத்தனையோ பேருக்கு மூக்கடைப்பு. சத்தமாகக் கத்தியவுடன் நின்றுபோன ஸ்கூட்டரை உதைத்தது மாதிரி ஒரு தடவை உறிஞ்சுகிற மூக்கு ஒன்றே ஒன்றுதான்.

கேஷியர் விளையாட்டாகச் சொன்னது நிஜம். அது அண்ணன். அவருடைய சொந்த அண்ணன்.

"நிறுத்துங்க" என்றார் லிஃப்ட்டு. "போன்ல ஏதோ கோளாறு."

"அதான் நானும் சொல்றேன்" என்றார் சலூன்காரர், நன்றியோடு. "போன் கோளாறுதான். அது பொண்ணுதான்."

நல்லவேளையாக ஓர் அடுக்குமாடிக் கட்டடத்திலிருந்து அழைப்பு வந்தது. லிஃப்ட் தளத்தோடு சமமாக நிற்காமல் ஒரு சாண் கீழேயே நின்றுவிடுகிறதாம். லிஃப்ட்டு பையை எடுத்துக்கொண்டு இறங்கினார். "சாயங்காலம் அந்த ஆள் வந்தா?" என்று கேஷியர் கத்தியது காதில் விழுந்தும் திரும்பவில்லை.

மொட்டை மாடி மோட்டார் அறை சூளையாகக் கொதித்தது. மீட்டரை வைத்துப் பார்த்தார். வோல்டேஜ் குறைவு. மோட்டார் இழுக்க மாட்டாமல் இழுத்துக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார். தினமும் பார்க்கிற காட்சிதான். ஆனால் அன்றைக்கு அது யாரோ ஓங்கி அறைந்த மாதிரி இருந்தது.

பேட்டரி. அந்தக் கச்சேரிக்குப் புதுப் பேட்டரி வாங்காமல், வீட்டு டார்ச் லைட்டில் கிடந்ததைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டு போனது அவர்தான். கடைசிப் பாட்டு வருவதற்குள் பேட்டரிக்கு மூச்சு வாங்கியிருக்கும். ரெக்கார்டருக்குள் டேப் ஆமையாக ஊர்ந்திருக்கும். ஆமை வேகத்தில் பதிந்ததை வீட்டுக் கரண்டில் முழு வேகத்தில் ஓட்டினால் முயலாகத்தானே பாயும்? நெட்டையர் வேகம் பிடிக்கவே இல்லை. பேட்டரிதான் செத்துக்கொண்டிருந்தது. செத்த பேட்டரியை உச்சம் என்று உலகமே கொண்டாடிக்கொண்டிருந்தது. மோட்டாரின் மூச்சைக் கேட்டே அதன் ஆயுளைச் சொல்கிறவருக்கு இத்தனை நாள் இது காதில் ஏறவில்லை. ஏற அவர் விட்டால்தானே!

அண்ணனுக்கு ஏறியிருந்தது. சில வருஷங்களுக்கு முன்னால் அதே சலூனில், முகத்தில் சோப்பு நுரையோடு அண்ணன் சொன்னான்: "எனக்கென்னவோ அன்னிக்கி அவர் இவ்ளோ வேகமா வாசிச்ச ஞாபகமே இல்லடா. நல்லா நிதானமாத்தான் வாசிச்சார்." லிஃப்ட்டுக்குச் சுருக்கென்றது. கச்சேரியின் பாதியில் அண்ணன் சோடா வாங்கப் போனது உண்மை. திரும்பி வந்ததை இவர் பார்க்கவில்லை. பார்க்கிற நிலையிலா இருந்தார்? குனிந்து, சட்டைக்குள் எரிகிற சிவப்பு விளக்கையே காவல் காத்துக்கொண்டிருந்தார். "கடைசிப் பாட்டுக்கு நீ அங்கயே இல்ல. சோடாக் கடையில நின்னவனுக்கு என்ன தெரியும்? நாலு பேர் முன்னாடி புளுகாத" என்றார். "உன் பின்னாடிதான்டா நின்னேன்" என்றான் அண்ணன். இவர் சிரித்தார். கடையும் சேர்ந்து சிரித்தது. அண்ணன் பாதி மழித்த முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு எழுந்து போனான். அதற்குப் பிறகு வீட்டு விசேஷங்களில் ஒரே பந்தியில் உட்கார்ந்தாலும், "உங்க தம்பியை அந்தத் தண்ணியை இப்படித் தள்ளச் சொல்லுங்க" என்று அண்ணி வழியாகத்தான் பேச்சு.

வோல்டேஜைச் சரிசெய்ய மின்சார ஆள் வர வேண்டும். காவலாளியிடம் சொல்லிவிட்டு லிஃப்ட்டு வண்டியை எடுத்தார். வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன குடி முழுகிவிடும் என்று முதல் திருப்பத்தில் நினைத்தார். இசைத்தட்டு வரும். பின்னட்டையில் 'பதிவு செய்தவர்' என்று தன் பேர் வரும். லிஃப்டுக்குள் ஒட்டுகிற 'பழுது நீக்கியவர்' சீட்டைத் தவிர வேறெங்கும் அச்சில் வராத பேர். இரண்டாவது திருப்பத்தில் சலூனுக்குப் போகிற வழியை விட்டார். மறுபடி திரும்பினார். மறுபடி விட்டார். பின்னால் வந்த ஆட்டோக்காரர், "எந்தப் பக்கம்தான் போவீங்க? சொல்லிட்டுப் போங்க சார்!" என்று கத்தினார். நியாயமான கேள்வி.

கடைசியில் வண்டி போய் நின்றது, விடுதிகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் துணி வெளுக்கிற ஒரு பெரிய சலவைக் கூடத்தில். அண்ணன் அங்கே மேஸ்திரி. உள்ளே நுழைந்ததும் நீராவி முகத்தில் அடித்தது. வரிசையாக இயந்திரங்கள் துணிகளை உருட்டிப் புரட்டிக்கொண்டிருந்தன. பக்கத்தில் நிற்பவரிடம் பேசவே தொண்டை கிழிய வேண்டும். நீள மேசையருகே பெண்கள் தலையணை உறை மடித்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில், வெள்ளைப் படுக்கை விரிப்புகள் குவிந்த தள்ளுவண்டிக்குப் பக்கத்தில் அண்ணன். பாதியில் விட்ட சவரத்தை அவன் அப்புறம் முடிக்கவே இல்லை. நெஞ்சு வரை தாடி.

அண்ணன் நிமிர்ந்து பார்த்தான். பார்த்தது யாரையோ என்பது போல, பக்கத்தில் இருந்த பெண்ணிடம், "லிஃப்ட் ஒண்ணும் ரிப்பேர் இல்லன்னு சொல்லும்மா" என்றான்.

வழி நெடுக ஒத்திகை பார்த்ததைச் சொல்ல லிஃப்ட்டு வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. சலூன்காரர்.

"யோவ், எங்க இருக்க? அந்த ஆள் வந்து உக்காந்திருக்கார். கேசட் எங்கன்னு கேக்கறார். என்ன சொல்ல?"

"வேகம் தப்புன்னு சொல்லு."

"என்னது? ஒரே இரைச்சலா இருக்கு!"

"வேகம் தப்பு! பேட்டரி போயிடுச்சு அன்னிக்கி! அவர் அவ்ளோ வேகமா வாசிக்கவே இல்ல!" லிஃப்ட்டு ஒரு காதைப் பொத்திக்கொண்டு கத்தினார். "அவர்கிட்ட சொல்லு! கேஷியர்கிட்டயும் சொல்லு! கடையில எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லு!"

"அப்ப அக்கா?" சலூன்காரரின் குரல் நடுங்கியது.

"அக்கா எங்க அண்ணன்யா!"

"யாரு?"

"கொளுத்து அக்கா! எங்க அண்ணன்! கடைசி வரைக்கும் அங்கதான் இருந்தான்! என் பின்னாடிதான் நின்னான்!"

உறை மடித்த கைகள் எல்லாம் நின்றுவிட்டன. மேஸ்திரி ஓர் அக்கா என்ற செய்தி மேசை நெடுகப் பரவ, ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள்.  போனில் சலூன்காரர், "சரி, சொல்றேன்" என்று தேய்ந்துபோன குரலில் சொல்லி வைத்துவிட்டார். இசைத்தட்டுக்காரர் உட்கார்ந்திருப்பாரா, எழுந்து போய்விடுவாரா, தெரியாது.

அண்ணன் கையில் ஒரு விரிப்பு தொங்கிக்கொண்டிருந்தது. "நான் என்ன கத்தினேன்?"

"கொளுத்துய்யான்னு."

"கத்தியிருப்பேன்." மூக்கை உறிஞ்சினான். "அதையா பொம்பளைக் குரல்னு இத்தனை நாள் கேட்டீங்க? ஒருத்தனுக்குமா காது இல்ல?"

"வேகத்துல அப்படித்தாண்ணே கேட்டுச்சு."

"உனக்கு எல்லாம் வேகத்துலதான்." அண்ணன் கையிலிருந்த விரிப்பில் முனையைத் தேடினான். "அன்னிக்கி உன்கிட்ட என்ன சொல்ல வந்தேன்னாவது தெரியுமா உனக்கு?"

"நிதானமா வாசிச்சார்னு சொன்ன."

"அது பாதி. மீதியைச் சொல்ல விட்டியா? அவர் வாழ்நாள்ல அந்த மாதிரி வாசிச்சதே இல்லடா. முடி இருந்த காலத்துலயும் இல்ல, மொட்டையிலயும் இல்ல. அந்தக் கடைசிப் பாட்டு, அதான் உச்சம். நிதானமா வாசிச்சதாலதான் உச்சம். நானும் உன் கட்சியேதான்டா. முட்டாள்."

 சிரிப்பதா, மன்னிப்புக் கேட்பதா, அந்தப் பாட்டைப் பற்றி இன்னும் ரெண்டு வார்த்தை கேட்பதா? லிஃப்ட்டுக்குக் கேட்கத்தான் ஆசையாக இருந்தது. "அப்படிச் சொல்ல முடியாதுண்ணே, நடுவுல ஒரு இடத்துல…" என்று ஆரம்பித்தார்.

"வாயாலயே வேலை பாக்காத. புடி."

ஈரம் முழுதும் போகாத விரிப்பின் இரண்டு முனைகள் அவர் கைக்கு வந்தன. அண்ணன் மறு முனைகளோடு பின்னால் நடந்து போனான். இரட்டைக் கட்டில் விரிப்பு. போய்க்கொண்டே இருந்தான். நடுவில் வெள்ளைத் துணி தொய்ந்து, பிறகு விறைத்து, ஓர் உதறலில் அலையெடுத்து இருவர் முகத்தையும் மறைத்து இறங்கியது. லிஃப்ட்டு இடது பக்கம் மடித்தார். அண்ணன் வலது பக்கம் மடித்தான். துணி முறுக்கிக்கொண்டது.

"என் பக்கம் பாத்து மடிடா" என்று எதிர்முனையிலிருந்து சத்தம் வந்தது. லிஃப்ட்டு முறுக்கைப் பிரித்துவிட்டு, முனைகளை இறுகப் பிடித்துக்கொண்டு, அண்ணனின் கைகளைப் பார்த்தபடி முன்னால் நடந்தார்.