தறி நிற்கும் புதன்கிழமை

"இனிமே யாரையும் அனுப்ப வேணாம்னு போதகர் அய்யாகிட்ட சொல்லிடுங்கம்மா."

"அப்படிச் சொல்லலாமா தில்லை? சபைன்னா நாலு பேரு வந்து பார்க்கத்தான் செய்வாங்க."

"பார்த்துட்டுப் போயி இன்னா பேசிக்கிறீங்கன்னும் தெரியும்."

ஞானசுந்தரிக்கு ஒரு கால் வாசற்படிக்கு உள்ளே, ஒரு கால் வெளியே. தபால்காரர் சாலமோனின் மனைவி அவள். வீட்டில் இட்லிக்கு உளுந்து ஊறிக்கொண்டிருந்தது. சீக்கிரம் ஜெபத்தை முடித்துவிட்டுப் போய் ஆட்ட வேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் வந்திருந்தாள்.

கஷ்டத்தில் இருக்கிற வீட்டைப் புதன்கிழமைதோறும் முறை வைத்துச் சந்திப்பது சபைப் பெண்களின் வழக்கம். பட்டுத்தறிக்காரர்களில் ஞானஸ்நானம் பெற்றது தில்லையம்மாளும் அவள் புருஷன் கந்தனும் மட்டும்தான். பொங்கலுக்கு முன்பே கந்தன் நெஞ்சு நோயோடு தாம்பரம் ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்துவிட்டான். அதிலிருந்து வாரம் ஒருத்தி வந்தாள். வசனம் வாசித்தாள், ஜெபித்தாள், மோர் குடித்தாள், போனாள். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில், "சந்தித்தேன், ஜெபித்தேன்" என்று சொன்னாள்.

"இன்னா பேசினோம்?" என்றாள் ஞானசுந்தரி.

"எப்பப் போனாலும் தறி சும்மாவே கெடக்குது, தில்லை சோம்பிப் போச்சு, விசுவாசம் விட்டுப் போச்சுன்னு. நீங்களும் அங்கதான இருந்தீங்க?"

"இருந்தேன்."

"ஒண்ணும் சொல்லலியா?"

"தலையாட்டினேன்."

தில்லையம்மாள் சிரிக்கவில்லை. "நல்லாருக்குதுமா! வேதத்தைக் கையில வெச்சுக்கினு நிக்கிறவங்க எதிர்ல டொக்கு டொக்குனு தறி அடிக்கலாமா? மரியாதைக்கு எழுந்து பாய் போட்டேன். நீங்க வர்றதாலதான் தறி நிக்குது. தறி நிக்குதுன்னு நீங்க வர்றீங்க."

ஞானசுந்தரி தறியைப் பார்த்தாள். மாம்பழ நிறத்தில் உடல், அரக்கில் கரை, புடவை பாதி நெய்தபடி நின்றது.

"இன்னிக்கு நான் நிறுத்தப் போறதில்ல. வாசிக்கிறதுன்னா வாசிங்க." தில்லையம்மாள் தறிக் குழியில் காலை விட்டு உட்கார்ந்தாள். இடது கரைக்கு ஒரு நாடா, உடலுக்கு ஒரு நாடா என்று ஊடு நூல் வைத்த கட்டைகளைத் தள்ளினாள். பிறகு பலகையில் இடுப்பைத் தேய்த்துக்கொண்டே வலது கோடிக்கு நகர்ந்து அந்தக் கரையின் நாடாவைத் தள்ளினாள். மறுபடி இந்தக் கோடி. ஒவ்வொரு இழைக்கும் இப்படி ஒரு பயணம்.

"அந்தப் பக்கம் ஆள் உக்காரணும் இல்ல?"

"அவருதான் நெய்வாரு, நான் அந்தப் பக்கம் உக்காருவேன். இப்போ ரெண்டும் நான். ஞானஸ்நானம் எடுத்த இந்த நாலு வருஷமா சொந்தக்காரங்க படியேறல. அண்ணன் மட்டும் சொல்லி அனுப்பிக்கினே இருக்குது. பழையபடி கோயிலுக்கு வந்துடு, நாளைக்கே அந்தப் பக்கம் கோர்வைக்கு ஆள் வரும்னு." நாடாவை எடுத்தாள். "போவலாமான்னு யோசிக்கிறேன். ஒளிக்க இன்னா இருக்குது?"

பையில் இருந்த வேதத்தை ஞானசுந்தரி தொட்டாள். வாசிக்க வேண்டிய பகுதியைக் காலையிலேயே அடையாளம் வைத்திருந்தாள். பையை அப்படியே ஆணியில் மாட்டினாள்.

"ஒண்ணு சொல்றேன் தில்லை. இன்னிக்கு என் முறைன்னுதான் வந்தேன். மனசு வந்து வரல."

"தெரியும்மா. செருப்பைக் கழட்டறப்பவே வெயிலைப் பார்த்து மணி கணக்குப் போட்டீங்க."

"தள்ளி உக்காரு. எப்படித் தள்ளணும்னு காட்டு."

"உங்களுக்கு எதுக்குமா? புடவை பாழாப் பூடும்."

"எந்தப் புடவை? என்னுதா, தறியில இருக்கிறதா?"

தில்லையம்மாளின் உதடு கொஞ்சம் கோணியது. நகர்ந்து இடம் விட்டாள்.

உடல் நூலும் கரை நூலும் சந்திக்கிற இடத்தில் ஒன்றையொன்று கோத்துக்கொண்டு திரும்ப வேண்டும், அதுதான் கோர்வை. ஞானசுந்தரி முதலில் கோக்காமலே தள்ளினாள். அடுத்த தடவை இழுத்த இழுப்பில் கரை சுருங்கியது.

"ஏம்மா, தபால் பையைக் கட்டற மாதிரி இழுக்கிறீங்களே!" தில்லையம்மாள் சிரித்தே விட்டாள். கண்ணில் நீர் வருகிற வரைக்கும் சிரித்து, முந்தானையால் துடைத்து, அந்த இழைகளைப் பிரித்தாள். "மெதுவா. நான் 'ம்'னா தள்ளு."

'நீங்க' எங்கே போயிற்று என்று இருவருமே கவனிக்கவில்லை. "ம்." தள்ளினாள். "ம்." கோத்தாள். தெருவில் பால்காரன் சைக்கிள் மணி கேட்டது. எதிர்ச் சுவரில் போன தேர்தலுக்கு எழுதிய எழுத்தின் மேல் வெயில் ஏறி, மஞ்சளாகி, இறங்கியது. கந்தன் இருமுகிற விதத்தைத் தில்லையம்மாள் சொன்னாள். கேட்டுக்கொண்டே ஞானசுந்தரி நாடாவைத் தள்ளினாள். சாண் நீளம்கூட வளரவில்லை புடவை.

விளக்கு வைக்கிற நேரத்தில்தான் உளுந்து நினைவு வந்தது. எழுந்தால் இடுப்பு நிமிரவில்லை.

"ஐயோ, ஜெபமே பண்ணலியே," என்று பையை எடுத்தாள்.

"கூட்டத்துல இன்னா சொல்லுவ?"

"தறி ஓடுதுன்னு சொல்றேன்."

தில்லையம்மாள் வாசல்வரை வந்தாள். கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"அடுத்த புதன் அன்னபாக்கியம் அக்கா முறை. வரட்டும், பாய் போடறேன். நீ வியாழக்கிழமை வர்றியா சுந்தரி? யாரும் அனுப்பாம?"