இணையதளத்தில் பன்னிரண்டாவது ஆள்

செஃபாகோருக்கு வேலை நிலைக்குமா போகுமா என்பது ஆட்சிமன்றக் கூட்டம் நடக்கும் வியாழக்கிழமை தெரிந்துவிடும். வோல்டா மலைச்சரிவில் இருக்கும் அந்தப் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தை மூன்று வருஷமாக அவள் ஒருத்திதான் கட்டி மேய்க்கிறாள். ஒப்பந்த வேலை. மாதம் முடிந்தால் ஒப்பந்தமும் முடிகிறது. போன மாதம் துணைவேந்தர் புரொஃபசர் அப்லோர்டெப்பே அவளைக் கூப்பிட்டு, உட்காரக்கூடச் சொல்லாமல் விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டார்.

"நம்ம தளத்துக்கு யாரு வர்றாங்க, எங்கேருந்து வர்றாங்க, என்னத்தத் தேடி வர்றாங்க, எல்லாம் எனக்குக் கணக்கா வேணும். கூட்டத்துல திரையில போட்டுக் காட்டணும். நம்ம ஆராய்ச்சிய உலகம் படிக்குதுன்னு காட்டினா தளம் உன் கையிலயே இருக்கும். இல்லன்னா தலைநகர் அக்ராவுல ஒரு கம்பெனி தயாரா நிக்குது."

தளத்தில் நடமாட்டத்தை எண்ணுகிற கருவியைப் பொருத்துவது பெரிய வித்தையில்லை. நாலு வரி எழுதி ஒட்டினால் போதும். ஆனால் எந்தச் சொல்லைத் தேடி ஆட்கள் வருகிறார்கள் என்று தெரிய வேண்டுமானால், "இந்தத் தளம் உன்னுடையதுதானா? நிரூபி" என்று தேடுபொறி கேட்கும். ஒரு சின்னக் கோப்பை, அவள் வழக்கமாகத் தொடாத சர்வருக்குள்ளேயே கொண்டுபோய் வைக்க வேண்டும். அதற்கான கடவுச்சொல் பதிவாளர் டோக்பேயின் இரும்பு அலமாரிக்குள் கிடந்தது. அங்கேதான் வந்தது வினை.

"நாமதான் சொந்தக்காரங்கன்னு நிரூபிக்கணுமா?" டோக்பேக்கு மூக்கு விடைத்தது. "எவன் கேக்குறான்? ஊர்த் தலைவர் வழக்கப்படி ஜின் பாட்டில காணிக்கையா வாங்கிட்டு, சனங்க முன்னாடி தூக்கிக் குடுத்த மண்ணும்மா இது! மூணு குடும்பம் வழக்குப் போட்டுத் தோத்துருக்கு!"

"சார், மிஷின் கேக்குது."

"மிஷினா இருந்தா என்ன? எழுத்துலதான் பதில் போகும்."

அந்த மனுஷனோடு யார் மல்லுக்கட்டுவது! டோக்பே இரண்டு நாள் எடுத்துக்கொண்டு, பல்கலைக்கழகத் தலைப்புத்தாளில் கடிதம் எழுதி, கையெழுத்திட்டு, முத்திரை குத்தி, நில வரைபடத்தின் நகலையும் இணைத்துக் கொடுத்தார். செஃபாகோர் பவ்வியமாக வாங்கிக்கொண்டாள். கூடவே கடவுச்சொல்லையும் வாங்கிக்கொண்டு, இரண்டே நிமிஷத்தில் கோப்பை வைத்து வேலையை முடித்தாள்.

"மிஷின் ஒத்துக்கிச்சு சார்."

"பின்னே? என் முத்திரைன்னா சும்மாவா!"

முதல் நாள் நாற்பது பேர் வந்திருந்தார்கள். செஃபாகோர் குதூகலத்தோடு உள்ளே போய்ப் பார்த்தால் அதில் முப்பத்தேழு அவளேதான். யாராவது வந்தார்களா என்று மேசைக் கணினியிலும் கைப்பேசியிலும் மாற்றி மாற்றிப் பார்த்ததையெல்லாம் கருவி விடாமல் எண்ணியிருந்தது. வெட்கத்தோடு தன்னை எண்ணிக்கையிலிருந்து நீக்கினாள். மறுநாள் மூன்று. மரவள்ளிக் கிழங்கு நோய் பற்றிய ஆய்வை ஒரே ஒருவர் படித்திருந்தார். அதை எழுதிய பேராசிரியர்தான் அவர். 'நன்றாக வந்திருக்கிறதா என்று பார்த்தேன்' என்று சாப்பாட்டுக் கூடத்தில் அவரே சொன்னார்.

இரண்டாவது வாரமும் ஒற்றை இலக்கம்தான். கூட்டத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது, திங்கட்கிழமை காலையில் திறந்தால், நாலாயிரத்து முந்நூறு! லண்டன், ஹாம்பர்க், டொராண்டோ! அவள் நாற்காலியை விட்டு எழுந்து ஆடியே விட்டாள். பிறகு, அவர்கள் என்ன தேடி வந்தார்கள் என்ற பட்டியலைத் திறந்தாள். அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"டான்சி அம்மா அடக்கம் எப்போது." "டான்சி அம்மா இறுதிச் சடங்கு எந்தத் துணி." "சனிக்கிழமை சாவு வீடு எந்த ஊர்."

டான்சி அம்மா பெண்கள் விடுதியில் முப்பது வருஷம் காப்பாளராக இருந்தவர். எண்பத்தாறு வயதில் கண்ணை மூடியிருந்தார். அவரிடம் திட்டு வாங்கி வளர்ந்த பெண்கள் உலகமெல்லாம் இருக்கிறார்கள். அத்தனை பேரும் வந்து விழுந்தது இரங்கல் பக்கத்தில். அந்தப் பக்கத்தை நடத்துவது பதிவாளர் அலுவலகத் தட்டச்சர் குளுட்சே. யார் போனார்கள், உடல் எப்போது வருகிறது, என்ன நிறத் துணி உடுத்த வேண்டும் என்று எல்லாரும் போன் போட்டுப் போட்டு அவர் காதைத் தின்றதால், இரண்டு வருஷத்துக்கு முன் எல்லாவற்றையும் தளத்தில் ஏற்றத் தொடங்கியிருந்தார். "இது பல்கலைக்கழகமா பிணவறையா? எடுய்யா அத!" என்று டோக்பே இரண்டு தடவை உத்தரவு போட்டார். குளுட்சே இரண்டு தடவையும் "சரிங்க சார்" என்றார். அதோடு சரி.

"குளுட்சே அண்ணே, என் பொழப்புல மண்ணப் போட்டுட்டீங்களே!"

"நான் என்ன பண்ணேன் தங்கச்சி? கூட்டம் வேணும்னு நீதான அலைஞ்ச. கூட்டம் சேத்துக் குடுத்தா கோவிச்சுக்கிற!"

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. மொத்த எண்ணை மட்டும் காட்டுவது, யாரும் கேட்டால் ஒழிய வேறெதையும் திறப்பதில்லை என்று முடிவு செய்தாள்.

வியாழக்கிழமை. மேசையைச் சுற்றிப் பன்னிரண்டு பேர். தலைமையில் ஓய்வுபெற்ற நீதிபதி அமுசு அம்மா. துணைவேந்தர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முக்கால் மணி நேரம் பேசினார். "ஒரே வாரத்தில் நாலாயிரத்து முந்நூறு பேர்! நம் ஆராய்ச்சிக்காக ஐரோப்பா கதவைத் தட்டுகிறது!" என்றார். மற்றவர்கள் தலை குனிந்து, ஆழ்ந்த யோசனையில் இருப்பவர்கள் போலக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"சந்தோஷம்," என்றார் அமுசு அம்மா. "இந்த நிமிஷத்துல யாராவது உள்ள இருக்காங்களா? அதையும் அது காட்டுமாமே?"

கேட்டது நீதிபதி. மறுக்க முடியுமா? செஃபாகோர் திறந்தாள்.

திரையில் விழுந்தது: லண்டனில் இரண்டு பேர். ஹாம்பர்கில் ஒருவர். நம் ஊரில் பதினோரு பேர். பார்க்கும் பக்கம்: இரங்கல் அறிவிப்புகள்.



"விடுமுறையில ஊரே காலியா கெடக்கு," என்றார் நீதிபதி, கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து. "யாரு இந்தப் பதினோரு பேரு?"

மேசைக்கடியில் கைப்பேசிகள் ஒவ்வொன்றாகப் பைக்குள் இறங்கின. பண்டிதர், பாதிரியார், மாணவர் தலைவன் என்று வரிசையாக. துணைவேந்தர் தன் கோப்பைத் தூக்கி எதையோ மூடினார். எல்லாரும் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பதினொன்று பன்னிரண்டாக மாறியது.

எல்லாத் தலைகளும் திரும்பின. பதிவாளர் டோக்பேயின் முகத்தில் கைப்பேசி வெளிச்சம் பளிச்சென்று அடித்துக்கொண்டிருந்தது.

"நான் வந்து... அந்தப் பக்கத்த எடுத்துட்டாங்களான்னு சரிபாத்தேன்மா," என்றார்.

முதலில் சிரித்தது பாதிரியார். பிறகு யாரையும் அடக்க முடியவில்லை. அமுசு அம்மா கைப்பையைத் திறந்து தன் கைப்பேசியை எடுத்து மேசைமேல் வைத்தார். "என்னையும் சேத்துதான் பதினொண்ணு. டோக்பே, பாத்ததுதான் பாத்தீங்க, துணி என்னன்னு சொல்லுங்க. நான் படிச்சு முடிக்கிறதுக்குள்ள கேள்வி கேட்டுட்டேன்."

"கறுப்பும் வெள்ளையும்மா," என்றார் டோக்பே, ஈனக்குரலில். "நெறைய வயசு வாழ்ந்து முடிச்சவங்களுக்கு அதானே வழக்கம்."

"அக்ரா கம்பெனிக்காரனுக்கு டான்சி அம்மாவத் தெரியுமா? தளம் இந்தப் பொண்ணுகிட்டயே இருக்கட்டும். ரெண்டு வருஷத்துக்கு நீட்டுங்க. ஒவ்வொரு அறிவிப்புக்கும் கீழ ஒரு ஆராய்ச்சியப் பத்தி ரெண்டு வரி போடும்மா. துக்கத்துக்கு வந்தவங்க கிழங்கையும் பாத்துட்டுப் போகட்டும்."

செஃபாகோர் மடிக்கணினியை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்து, குளுட்சேயின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர் தட்டச்சு மேசையைவிட்டு எழாமலே, "நான் அப்பவே சொன்னேன்ல" என்றார்.

நீதிபதி சொன்ன மாதிரியே நடந்தது. டான்சி அம்மாவுக்குக் கீழே போட்ட மரவள்ளி ஆய்வை அடுத்த வாரம் அறுநூறு பேர் படித்தார்கள். பேராசிரியர் புதுச் சட்டை தைத்துக்கொண்டார். துணைவேந்தருக்கு ருசி கண்டுவிட்டது. திங்கட்கிழமைதோறும் எண்ணிக்கை தன் மேசைக்கு வந்தாக வேண்டும் என்றார்.

மூன்றாவது திங்கட்கிழமை செஃபாகோர் கொண்டுபோன தாளில் ஐம்பத்திரண்டு என்று இருந்தது.

"என்னம்மா இது? இப்படி விழுந்து கெடக்கு? உன் வேலையில ஏதாவது கோளாறா?"

"கோளாறு இல்ல சார். இந்த வாரம் யாரும் சாகல."

துணைவேந்தர் கண்ணாடியைக் கழற்றிப் பெருமூச்சு விட்டார். "ஒருத்தர்கூடவா?"

சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கடவுளுக்கு நன்றின்னு சொல்ல வந்தேன்."

"நானும் அதத்தான் சார் காலையிலேருந்து சொல்லிட்டிருக்கேன்," என்றாள் செஃபாகோர். பச்சைப் பொய். காலையிலிருந்து மூன்று தடவை குளுட்சேயின் மேசைக்குப் போய், "ஏதாவது சேதி உண்டா அண்ணே?" என்று கேட்டுவிட்டுத்தான் வந்திருந்தாள்.