கூடை தூக்கிய தோள்

எலும்பு மருத்துவர் சக்திவேல், சிறப்பு மருத்துவர்களுக்குப் பொது மருத்துவத்தை நினைவூட்டும் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்காக ஆழ்வார்பேட்டையில் அமர்ந்திருந்தார். பாதி மனம் மதியச் சாப்பாட்டில் இருந்தது.

"சர்க்கரை நோயாளிக்கு மாரடைப்பு நெஞ்சு வலிக்காமலும் வரலாம். இடது தோள் வலியும் வியர்வையும் மட்டுமே அறிகுறியாக இருக்கலாம்" என்றார் விரிவுரையாளர்.

சக்திவேல் நிமிர்ந்து உட்கார்ந்தார். பெசன்ட் நகரில் மீன் விற்கும் தேசம்மா, இன்று காலைதான் இடது தோளைப் பிடித்துக்கொண்டு, முந்தானை நனைய வியர்த்தபடி அவரிடம் வந்திருந்தாள். சர்க்கரை உண்டு என்றும் சொன்னாள். கூடை தூக்கி வந்த வலி என்று தீர்மானித்து, மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்.

வெளியே ஓடிவந்து தேசம்மாவைக் கைப்பேசியில் அழைத்தார். மகள் ஆஷா எடுத்தாள்.

"அம்மா எங்கே?"

"மாத்திரை போட்டுக்கினு படுத்துக்கீது டாக்டர். எழுப்புனா கத்தும்."

"கத்தட்டும், எழுப்பும்மா!"

"யம்மா... யம்மா, டாக்டரு போன்ல கீறாரு."

மறுமுனையில் மின்விசிறியின் சத்தம் மட்டும் கேட்டது. கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"இன்னாடி, தூங்க வுடமாட்டியா?" குரல் மெலிந்திருந்தது, ஆனாலும் இருந்தது.

"நடக்க விடாதே ஆஷா, ஆம்புலன்ஸ் அனுப்புறேன்" என்று காரை நோக்கி ஓடினார். "அதுவரைக்கும் பேச வச்சிக்கிட்டே இரு. என்னைத் திட்டச் சொல்லு."