வணிகம், மூன்றாவது வரிசை

நான்காவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவே லிஃப்ட் நின்றுவிட்டது என்று போன் வந்தால், போய் இருபது நிமிடத்தில் ஆளை வெளியே எடுத்துவிடுவான். அதுதான் அவன் வேலை. ஒரு கதைப் புத்தகத்தைக் கண்டுபிடிக்கத்தான் ஐந்து மாதமாக நாக்குத் தள்ளிக்கொண்டிருந்தது.

புத்தகத்தின் பெயர் தெரியாது. எழுதியது ஆணா பெண்ணா, தெரியாது. அட்டையின் நிறம்கூடத் தெரியாது. நூலகத்திலிருந்து எது வந்தாலும் அவன் மனைவி முதல் வேலையாகப் பழைய காலண்டர் தாளால் அட்டை போட்டுவிடுவாள். அடுத்தவர் பொருள், அழுக்காகக் கூடாதாம். சொந்த சோபாவில் டீயைக் கொட்டிவிட்டு அதை மறைக்க அதன்மேலேயே உட்கார்ந்துகொள்கிறவளுக்கு இதில் மட்டும் அவ்வளவு ஒழுங்கு.

அவள் படிப்பாள், அவன் கேட்பான். அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. அவன் சாப்பிட உட்காரும்போது எதிரே உட்கார்ந்து கதை சொல்வாள். எல்லாம் ஏடாகூடமான கதைகள். நிழலை வாடகைக்கு விடுகிறவன், தூக்கத்தை மாற்றிக்கொள்ளும் இரண்டு சகோதரிகள். சரியான இடத்தில் நிறுத்திவிட்டு எழுந்து போய்விடுவாள். மறுநாள், “எதுல விட்டோம்?” என்று அவன் கேட்டால், “நேத்தே சொன்னேன்ல?” என்பாள். கேஸ் தீர்ந்துபோனாலும் அதுதான், குழாய் ஒழுகினாலும் அதுதான். பாதி நேரம் சொல்லியிருக்கவே மாட்டாள்.

கடைசியாகச் சொன்னது ஒரு வீட்டைப் பற்றிய கதை. கூடத்தில் இன்று. சமையலறையில் மட்டும் எப்போதும் நேற்று. அந்த வீட்டுப் பெண் கூடத்தில் நின்று எட்டிப்பார்த்தால், நேற்றைய அவளே அடுப்பருகில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள். உள்ளே போக முடியாது. கூப்பிட்டாலும் காது கேட்காது.

“அப்ப இன்னைக்கு எங்க சமைப்பா?” என்று கேட்டான் அவன்.

“நொட்டை சொல்லாம கேளு.”

ஒரு நாள் அந்த நேற்றைய பெண் சட்டென்று திரும்பினாள். இவளை நேருக்கு நேர் பார்த்தாள். வாயைத் திறந்து என்னவோ சொன்னாள்.

“என்ன சொன்னா?”

“நாளைக்கு” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் பதினொன்றே காலுக்கு, அவள் வேலை பார்த்த பல் மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டதாம். இருபத்தொன்பது வயது.

அவன் அழவில்லை. அழாததைப் பார்த்து மற்றவர்கள் அழுதார்கள். அதற்குப் பிறகு எதுவும் அவனுக்கு உறைக்கவில்லை. டீ ஆறிப்போயிருந்தது என்பதே குடித்து முடித்த பிறகுதான் தெரியும். கதையில் திரும்பிப் பார்த்த அந்தப் பெண் என்ன சொன்னாள் என்பது மட்டும் பல்லிடுக்கில் சிக்கிய நார் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது. அது தெரிந்தாக வேண்டும். அவள் விட்டுப்போனதில் பாக்கி இருப்பது அது ஒன்றுதான்.

கெடுத்ததெல்லாம் அவனேதான். இரண்டாவது வாரம் வீட்டை ஒழுங்குபடுத்துகிறேன் பேர்வழி என்று, நூலகத்துப் புத்தகங்கள் ஐந்தையும், காலண்டர் அட்டைகளைக் கிழித்துவிட்டு, பெயரைக்கூடப் பார்க்காமல் திருப்புதல் பெட்டியில் போட்டுவிட்டு வந்தான். அதோடு விட்டானா? இறப்புச் சான்றிதழைக் காட்டி அவள் உறுப்பினர் அட்டையையும் ரத்து செய்தான். அட்டையை ரத்து செய்தால் எடுத்த புத்தகங்களின் பட்டியலும் அழிந்துபோகும் என்று கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்த நூலகர் பிறகுதான் சொன்னார். அன்பாகச் சொன்னார். அதுதான் இன்னும் எரிச்சல்.

தன் பெயரில் ஓர் அட்டை எடுத்தான். தேடல் தொடங்கியது.

கணினியில் சிறுகதைத் தொகுதி என்று தட்டினால் முதல் பக்கம் முழுக்கத் தேர்தல் தொகுதிகளின் அறிக்கைகள். அறிவியல் கதை என்று கேட்டால் பள்ளிப் பிள்ளைகளுக்கான காந்த ஊசிப் பரிசோதனை. விசித்திரக் கதை என்று கேட்டதற்கு முயலும் ஆமையும் வந்தன. புத்தகக் கடைக்காரர், சிந்திக்க வைக்க வேண்டும் என்று சொன்னதும் ஒரு தியான நூலை எடுத்து நீட்டினார்.

கடைசியில் மச்சினியிடம் கேட்டான். மனைவியின் தங்கை, மருந்துக்கடையில் வேலை, அக்காவைப் போலவே புத்தகப் பைத்தியம். கொஞ்சம் வினோதமான, யோசிக்க வைக்கிற சிறுகதைப் புத்தகம் ஏதாவது சொல்லு என்றான். எதற்கு என்று சொல்லவில்லை. சொன்னால் அவள் அழுவாள். அவள் அழுதால் இவன் மரம் மாதிரி நிற்க வேண்டும்.

மாமா படிக்க ஆரம்பித்துவிட்டார் என்று அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பட்டியல் பட்டியலாக அனுப்பினாள். படித்தே தீர வேண்டிய இருபது. வாழ்க்கையைப் புரட்டிப்போடும் பதினைந்து. எல்லாவற்றிலும் ‘சிந்திக்க வைக்கும்’ என்று போட்டிருந்தது. அவனும் லிஃப்டின் இயந்திர அறையில் உட்கார்ந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படித்தான். பதினோரு தொகுப்புகள். ரோபோ அழுகிறது. எல்லாரும் ஏற்கெனவே செத்துப்போயிருக்கிறார்கள். நிலவில் குடியேறியவன் அம்மாவை நினைத்து ஏங்குகிறான். மறுபடி ரோபோ, இந்தத் தடவை காதலிக்கிறது. ஒன்றிரண்டு நன்றாகவே இருந்தன என்பதும் எரிச்சலாகத்தான் இருந்தது. இவன் கேட்டது நல்ல கதையையா? சமையலறையை.

“எப்படி இருக்கு மாமா?” என்று வாரம் தவறாமல் கேட்பாள்.

“சிந்திச்சு சிந்திச்சு தலை வலிக்குது. மாத்திரை இருந்தா அனுப்பு.”

ஐந்தாவது மாதம் ஒரு செய்தி வந்தது. இந்த மாதிரிக் கதைகளை இப்போது ஊகப் புனைவு என்று சொல்கிறார்களாம், அந்தப் பெயரில் கேட்டுப் பார்க்கச் சொன்னாள். பேர் வைப்பதற்கு மட்டும் ஆள் இருக்கிறது என்று முனகிக்கொண்டே சனிக்கிழமை நூலகத்துக்குப் போனான்.

“ஊகப் புனைவு எங்க மேடம் இருக்கு?”

நூலகர் நிமிரவே இல்லை. “ஊகம்னா வணிகம் பக்கம் சார். மூணாவது வரிசை.”

அது ஊக வணிகம், பங்குச் சந்தைச் சமாச்சாரம், நான் கேட்பது கதை என்று விளக்க வாயைத் திறந்தான். எத்தனை தடவைதான் கத்துவது? போய் ஒரு பங்குச் சந்தைப் புத்தகத்தை உருவி எடுத்துவந்து, இதுவா கதை என்று அந்த மேசைமேல் வைத்துவிடுவது என்று முடிவு செய்து விறுவிறுவென்று நடந்தான்.

மூன்றாவது வரிசை. விலை ஏறும்போது விற்பது எப்படி. இறங்கும்போது வாங்குவது எப்படி. இரண்டுக்கும் நடுவில் ஒல்லியாக ஒரு பச்சைப் புத்தகம். அட்டையில் சிறிய எழுத்தில், ‘ஊகச் சிறுகதைகள்’. எவனோ ஒரு புண்ணியவான் முதல் வார்த்தையை மட்டும் படித்து அடுக்கியிருக்கிறான்.

புரட்டினான். நிழல் வாடகை இருந்தது. தூக்கம் மாற்றும் சகோதரிகள் இருந்தார்கள். பின்பக்கச் சீட்டில் கடைசி முத்திரை, அவள் போன அதே மாதத்துத் தேதி. ஐந்து மாதமாக இவன் கதைப் பகுதியைச் சல்லடை போட்டுச் சலித்திருக்கிறான். அவள் வணிகத்தில் போய் எடுத்திருக்கிறாள். அங்கே அவளுக்கு என்ன வேலை என்று கேட்கத்தான் ஆள் இல்லை.

ஏழாவது கதை. நின்றபடியே படித்தான். கூடம், சமையலறை, முதுகு. நேற்றைய பெண் திரும்பினாள். வாயைத் திறந்து என்னவோ சொன்னாள். நேற்றிலிருந்து இன்றைக்குச் சத்தம் வராது என்பதால் அது என்னவென்று இவளுக்குக் கேட்கவில்லை.

அவ்வளவுதான். அடுத்த பக்கத்தில் வேறு கதை.

பக்கம் கிழிந்திருக்கிறதா என்று பார்த்தான். இல்லை, எண்கள் வரிசையாக இருந்தன. அப்படியானால் அவளுக்கும் தெரியாது. தெரியாமலேதான் நாளைக்கு என்று சொல்லிவிட்டு எழுந்து போயிருக்கிறாள். ஐந்து மாதத்தில் முதல் தடவையாக அவனுக்கு அவள்மேல் பற்றிக்கொண்டு வந்தது. காது சூடானது. மச்சினிக்குப் போன் போட்டான். அலமாரிகளுக்கு நடுவே நின்றுகொண்டு, உங்கக்கா ஒரு ஏமாத்துக்காரி என்று தொடங்கி, சமையலறையில் நேற்று இருக்கும் கதை முழுவதையும் கொட்டித் தீர்த்தான்.

“ஓ, அந்தக் கதையா?” என்றாள் மச்சினி. “அக்கா எனக்குச் சொன்னாளே. போறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி.”

“முடிவு இல்லாத கதைய எப்படிச் சொல்லுவா?”

“முடிவு இருக்கே. சொல்லிட்டு அவளே விழுந்து விழுந்து சிரிச்சா.”

“என்ன சொன்னா?” என்றான்.

“அந்தப் பொண்ணு திரும்பிப் பார்த்து, ‘நேத்தே சொன்னேன்ல?’னு கேப்பா. அதான் மாமா முடிவு. நல்லா இருக்குல்ல? உங்ககிட்ட சொல்லும்போது உங்க மூஞ்சிய பாக்கணும்னு சொல்லிட்டிருந்தா.”

அலமாரிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டான்.

“அஞ்சு மாசமா நாய் மாதிரி அலையறேன். ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா நீ?”

“நீங்க புத்தகம்தான கேட்டீங்க? கதைய எங்க கேட்டீங்க?”

அவனுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பு மாதிரித்தான் தொடங்கியது. பிறகு என்னவாகவோ மாறி, நிறுத்த முடியாமல் வந்துகொண்டே இருந்தது. போனில் மச்சினி மாமா, மாமா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். வணிகம் படித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் இரண்டு நாற்காலி தள்ளிப் போய் உட்கார்ந்தார். சந்தையில் அடி வாங்கியவன் என்று நினைத்திருக்க வேண்டும்.

முகத்தைக் கைக்குட்டையால் அழுத்தித் துடைத்துக்கொண்டு, புத்தகத்தை மேசையில் கொண்டுபோய் வைத்தான். நூலகர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அட்டையைப் பார்த்தார், அவன் கண்களைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார்.

“இது கதைப் புத்தகமாச்சே. இதுதான் வேணும்னு அப்பவே சொல்லியிருந்தா தேடிக் குடுத்திருப்பேனே சார்?”

“நேத்தே சொன்னேன்ல?” என்றான் அவன்.

நேற்று அவன் நூலகத்துப் பக்கமே வரவில்லை.