ஒற்றைச் சுழி

சின்னவனைப் புதைத்த பிறகு அம்மா மெதுவாகப் பேச ஆரம்பித்தாள், பக்கத்து அறையில் யாரோ தூங்கிக்கொண்டிருக்கிற மாதிரி. பாத்திரத்தைச் சத்தம் வராமல் கவிழ்த்தாள். கதவைச் சாத்தும்போது தாழ்ப்பாளைக் கையால் பிடித்துக்கொண்டு சாத்தினாள். துக்கம் ஒவ்வொருத்தரிடமும் ஒவ்வொரு மாதிரி வந்து உட்காரும் என்று பெரியவள் விட்டுவிட்டாள்.

பெரியவள் அந்த வீட்டின் மூத்த மகள். மீன் ஆய்வுக்கூடத்தில் வேலை. துறைமுகத்தில் இறங்குகிற மீனில் கூடை கூடையாக எடுத்துவந்து மேஜையில் பரப்பி, எது எந்தக் குடும்பம் என்று பிரித்துச் சொல்ல வேண்டும். எந்த மீனை எடுத்தாலும் முதலில் செவுளைத் தூக்கிப் பார்ப்பாள். அதனால் துறைமுகத்தில் அவளுக்குப் பெயரே ‘செவுள்’ என்று ஆகிவிட்டது. “செவுள் வருது, நல்ல மீனை ஒளிச்சு வைங்கடா” என்று கத்துவார்கள். அவளும் சிரித்துக்கொண்டே போய், ஒளித்து வைத்ததைத்தான் முதலில் எடுப்பாள்.

சின்னவன் அவளுடைய தம்பி. விசைப்படகில் போய்வந்துகொண்டிருந்தான். ஒரு நாள் காற்றில் படகு கவிழ்ந்தது. ஐந்து பேரில் மூன்று பேர் ஐஸ் பெட்டியைப் பிடித்துக்கொண்டு மிதந்து, வேறு படகில் ஏறித் தப்பித்தார்கள். சின்னவனும், புதிதாகச் சேர்ந்த ஒருவனும் கிடைக்கவில்லை. சில நாள் கழித்து ஒரே ஒரு உடல் தூரத்துக் கடற்கரையில் ஒதுங்கியது.

அப்போது பெரியவள் ஆய்வுக் கப்பலில் நடுக்கடலில் இருந்தாள். பிணவறைக்குப் போனது மாமாதான், அம்மாவின் தம்பி. முகம் அடையாளம் தெரிகிற நிலையில் இல்லை. ஆனால் உடம்பில் நீல பனியன் இருந்தது. சின்னவன் லீவு நாளில்கூடக் கழற்றாத பனியன் அது. மாமா தலையாட்டினார். சீக்கிரம் அடக்கம் பண்ணச் சொன்னார்கள், பண்ணினார். “பார்க்கற மாதிரி இல்லக்கா, வேணாம்” என்று அம்மாவைக் கிட்டவே விடவில்லை. இன்னொருவனைத் தேடி யாரும் வரவில்லை. பெரியவள் கரைக்கு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அவள் அழுதாள், பிறகு வேலைக்குப் போனாள். வேலை ஒன்றுதான் அவளைத் தாங்கிப் பிடித்தது. மீனைக் கையில் எடுத்தால் வேறு நினைப்பு வராது. வயிற்றடியை விரலால் தடவும்போது ரம்பம் மாதிரி சொரசொரத்தால் சாளைக் குடும்பம். வாயைப் பிடித்து இழுத்தால் குழாயாக நீண்டால் காரல். மார்புத் துடுப்புக்குக் கீழே நூல் நூலாகத் தொங்கினால் காலா. இரண்டு முதுகுத் துடுப்பும் தள்ளித் தள்ளி இருந்து, முன் துடுப்பில் நான்கே முள் இருந்தால் மடவை. ஓராவுக்கு வயிற்றுத் துடுப்பில் இரண்டு பக்கமும் முள், குத்தினால் கை கடுக்கும். ஆய்வுக்கூடத்தின் தலைமை விஞ்ஞானியை எல்லாரும் டாக்டரம்மா என்பார்கள். பெரியவளுக்கு வேலை பழக்கியதும் அவர்தான். “நிறத்தை மட்டும் நம்பிடாதே. செத்ததும் முதல்ல ஓடிப்போறது அதுதான்” என்பார்.

டாக்டரம்மா சொன்னது பெரியவளுக்கு அந்த மத்தியானம் வரை மீனைப் பற்றியது மட்டும்தான்.

அன்றைக்குத் தலைவலி என்று பாதியில் வீட்டுக்கு வந்தாள். வெயில் சுள்ளென்று அடித்தது. அம்மா பின்னறை வாசற்படியில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். அது சின்னவனின் அறை. பக்கத்தில் மூடிய சாப்பாட்டுத் தட்டு. அம்மா அறைக்குள் பார்த்து ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். மகளைக் கண்டதும் நிறுத்தினாள்.

சுவரோரமாகத் தரையில் ஈரம். ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு. மழை பெய்து மாதக்கணக்காகிறது. அந்தச் சுவரில் குழாய் எதுவும் ஓடவில்லை. பெரியவள் குனிந்து விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். உப்புக் கரித்தது.

“அம்மா, இது என்ன தண்ணி?”

“துடைச்சாலும் போகாது. அவன் போனாதான் போகும்.”

“யாரு?”

“யாருன்னா? உன் தம்பிதான். தினமும் மத்தியானம் வந்துடறான்.”

பெரியவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. விரல் நுனியில் உப்பு இருந்தது.

“பேசறானா?”

“பேசறதாவது! திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேங்கறான். வந்ததும் சுவரைப் பார்த்து நின்னுக்கறான். எத்தனை தடவை கூப்பிட்டேன் தெரியுமா? கோவம். நான் கடைசியா அவன் மூஞ்சியப் பார்க்காம அனுப்பிட்டேன்ல. அதான் இப்ப காட்ட மாட்டேங்கறான்.”

“இப்ப இருக்கானா?”

அம்மா கண்ணைத் தூக்கி மகளின் தோளுக்கு மேலே பார்த்தாள். “உனக்குப் பின்னாடிதான்.”

பெரியவள் திரும்பினாள். சுண்ணாம்புச் சுவர், ஜன்னல், ஆணியில் தொங்கும் ஒரு பை. வேறு எதுவும் இல்லை. ஆனால் ஐஸ் பெட்டியைத் திறந்த மாதிரி முகத்தில் ஒரு குளிர் அடித்தது. அவள் ஓடியிருப்பாள். அம்மா அங்கேயே உட்கார்ந்திருந்ததால் ஓடவில்லை. நம்புவதா வேண்டாமா என்றும் தெரியவில்லை. கண்ணால் பார்க்க முடியாத ஒன்றைப் பற்றித் தெரிந்துகொள்ள அவளுக்கு ஒரே வழிதான் தெரியும். கேட்டாள்.

“தலை எது வரைக்கும் வருதும்மா?”

“என்ன கேள்வி இது?”

“சொல்லேன். ஜன்னலோட மேல் கம்பிக்கு மேலயா, கீழயா?”

“கீழ. ரெண்டு கம்பி கீழ.” அம்மா சொல்லிவிட்டு உடனே சமாளித்தாள். “குனிஞ்சு நிக்கறான் போல.”

“முதுகு வளைஞ்சிருக்கா?”

“இல்ல... நேராத்தான் இருக்கு.”

சின்னவன் அந்த வீட்டின் எல்லாக் கதவு நிலையிலும் தலையை இடித்துக்கொள்கிறவன். பெரியவள் அடுத்ததைக் கேட்டாள்.

“கை?”

“தொங்கவிட்டிருக்கான். என்னடி இது, கூடையில வந்த மீனா அவன்? விலாவாரியாக் கேட்கறே?”

“அம்மா, தலையைப் பாரு. பின்னந்தலையை. முடி நனைஞ்சு ஒட்டியிருக்குமே, சுழி தெரியுதா?”

சின்னவனுக்கு இரட்டைச் சுழி. சின்ன வயதில் எண்ணெய் வைத்துச் சீவும்போதெல்லாம் முடி இரண்டு பக்கமும் சிலிர்த்துக்கொண்டு நிற்கும். “இவனுக்கு ரெண்டு பொண்டாட்டி, நான் ரெண்டு மருமகள்கிட்ட மாட்டிக்கிட்டு முழிக்கணும்” என்று அம்மா அலுத்துக்கொள்வாள். அந்தத் தலையை அவளைவிடத் தெரிந்தவர் உலகத்திலேயே இல்லை.

அம்மா படியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அறைக்குள் நடந்து, ஈரத்தின் ஓரத்தில் நின்று, எக்கிப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்துப் போனது.

“ஒண்ணுதான் இருக்கு” என்றாள்.

பெரியவள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அம்மா இப்போது கேள்விக்குக் காத்திருக்கவில்லை. தலையிலிருந்து கால் வரை தானே பார்த்துக்கொண்டு வந்தாள். “காதுமடல் ஒட்டியிருக்கு. நம்ம சின்னவனுக்குத் தொங்கும். தோள் அகலம். கால்ல... வலது கால்ல நடு விரல் ரெண்டும் தோலோட ஒட்டிக்கிட்டு இருக்கு.” அவள் திரும்பி மகளைப் பார்த்தாள். “இத்தனை நாளா வந்து நிக்கறான், நான் ஒரு தடவைகூட நல்லாப் பார்க்கல. வந்தவனை அளந்தா பார்ப்பாங்க? வந்தானேன்னு இருந்துட்டேன்.”

“அம்மா, இங்க வந்துடு.”

“எதுக்கு? இவன் என்ன பண்ணிடுவான்?” அம்மா முகத்தை முந்தானையால் பொத்திக்கொண்டாள். “யார் பெத்த பிள்ளையோ. வீடு தெரியாம வந்து நிக்குது.”

மறுநாள் காலையில் பெரியவள் நேராகப் பிணவறைக்குப் போனாள். அங்கே வேலை பார்த்த பெரியவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். அவள் ஆவி, ஈரம் என்று எதுவும் சொல்லவில்லை. அந்த நீல பனியன் உடலில் வேறு அடையாளம் ஏதாவது இருந்ததா என்று மட்டும் கேட்டாள். அவர் யோசித்தார்.

“கால் விரல்ல அட்டை கட்டுவோம்மா. அவருக்கு நடு விரல் ரெண்டும் ஒட்டியிருந்துச்சு. நூல் போகல. கட்டை விரல்ல மாத்திக் கட்டினேன். அதனால ஞாபகம் இருக்கு. ஏன், உங்க தம்பிக்கு அப்படித்தானே?”

“இல்ல” என்று சொல்லிவிட்டு அவள் மாமாவைத் தேடிப் போனாள்.

தப்பித்த மூவரில் படகோட்டி ஒருவன். கையில் கட்டோடு வீட்டில் படுத்திருந்தான். அவனிடம் போனபோது மாமாவையும் கூட்டிக்கொண்டு போனாள். விரல் விஷயத்தைச் சொன்னதும் படகோட்டி எழுந்து உட்கார்ந்தான்.

“அது வாத்து! புதுசா வந்தானே, அவன். விரல் ஒட்டியிருக்கும்னு நாங்கதான் வாத்துன்னு பேர் வச்சோம். கோவிச்சுக்க மாட்டான், குவாக்குன்னு கத்திக் காட்டுவான்.”

“பனியன்?”

“முதலாளி எல்லாருக்கும் அதே நீலத்துல ஒண்ணு குடுத்தாரு அக்கா. அன்னைக்கு அஞ்சு பேருமே அதைத்தான் போட்டிருந்தோம்.”

மாமா தெருவுக்கு வந்து ஓரமாக உட்கார்ந்துவிட்டார். பெரியவளுக்கு அவரை நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்க வேண்டும் என்றிருந்தது. கேட்கவில்லை. அவரே சொன்னார்.

“உயரம் கொஞ்சம் கம்மியாத் தெரிஞ்சுதும்மா. தண்ணியில கிடந்தா உடம்பு மாறும்னு நெனச்சுக்கிட்டேன். உங்கம்மா அப்ப பச்சைத் தண்ணி குடிக்காம கிடந்தா. ஏதாவது ஒண்ணு கிடைச்சா எழுந்துடுவான்னு...” முடிக்காமல் கையை விரித்தார்.

வாத்து பக்கத்துத் துறைமுகத்திலிருந்து வந்தவன் என்று மட்டும் படகோட்டிக்குத் தெரிந்திருந்தது. பெரியவளும் மாமாவும் அங்கே போய் விசாரித்தார்கள். அவன் மனைவி ஐஸ் ஃபேக்டரியில் வேலை செய்தாள். பாளம் பாளமாக ஐஸ் சறுக்கிவரும் பலகையின் பக்கத்தில், ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு கொக்கியோடு நின்றாள். புருஷன் சண்டை போட்டுவிட்டு ஓடிப்போய்விட்டான் என்று அவள் நினைத்திருந்தாள். எந்தப் படகில் ஏறினான் என்பதே அவளுக்குத் தெரியாது. அவர்கள் விஷயத்தைச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தபோதே கொக்கி கையிலிருந்து விழுந்தது. அழவில்லை. “எங்க இருக்காரு?” என்றாள். புதைத்த இடத்துக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே மண்ணைப் பார்த்து நின்றாள். பிறகு மறுபடியும், “அவர் எங்க இருக்காரு?” என்று கேட்டாள்.

பெரியவள் அவளை வீட்டுக்கு அழைத்து வந்தாள்.

அம்மா அவளைத் தன் பக்கத்தில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னாள். நம்புவாளோ மாட்டாளோ என்ற தயக்கமே அம்மாவிடம் இல்லை. அந்தப் பெண் எழுந்து பின்னறை வாசலில் போய் நின்றாள். ஈரம் அதே இடத்தில் இருந்தது.

“இப்ப இருக்காரா?”

“இருக்கான்மா. அதே மாதிரி, சுவரைப் பார்த்துக்கிட்டு.”

அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். “இங்க வந்து நிக்கறியா நீ?” என்று ஆரம்பித்தாள். “ஒரு வார்த்தை சொன்னேன், பொறுக்கல, கிளம்பிட்டே. எவளோட போயிட்டியோன்னு தெருத் தெருவாத் திட்டித் தீர்த்தேன். உன் சட்டையெல்லாம் கொளுத்திப் போட்டேன். நீ என்னடான்னா ஊரான் வீட்டுல வந்து மூலையில நிக்கறே. இவங்க யாரு உனக்கு? இந்தம்மாவுக்கு ஏற்கெனவே வயிறு எரியுது, நீ வேறயா?” மூச்சு வாங்கியது. குரல் இறங்கியது. “நான் கோவமா இல்ல. வா. வீட்டுக்குப் போலாம்.”

அம்மா மகளின் கையை இறுக்கினாள். “திரும்பிட்டான்.”

“எப்படி இருக்காரு?” என்றாள் அந்தப் பெண், சுவரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“முன்பல் கொஞ்சம் தூக்கலா இருக்கு. தாடையில ஒரு வெட்டுத் தழும்பு. உன்னைத்தான்மா பார்க்கறான்.”

“அது நான் தட்டை வீசினப்போ பட்டது” என்றாள் அவள். அப்புறம்தான் அழுதாள்.

ஈரம் ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வந்தது, சூடான கல்லில் தெளித்த தண்ணீர் மாதிரி. கடைசியில் இரண்டு பாதம் அளவுக்கு நின்று, அதுவும் போயிற்று. பெரியவள் அதைத் தன் கண்ணால் பார்த்தாள். டாக்டரம்மாவிடம்கூட அவள் சொல்லாத விஷயம் அது.

பஸ் நிலையம் வரை மூவரும் நடந்தார்கள். அந்தப் பெண் கண்டக்டரிடம் இரண்டு டிக்கெட் கேட்டாள். அவன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கிழித்துக் கொடுத்தான். அவள் ஜன்னலோரத்தை விட்டுவிட்டு அடுத்த இருக்கையில் உட்கார்ந்தாள்.

பஸ் போன பிறகும் அம்மா அங்கிருந்து நகரவில்லை.

“இந்தப் பிள்ளையை நாம புதைச்ச மாதிரி நம்மவனையும் யாரோ புதைச்சிருப்பாங்கல்ல? அவன் யார் வீட்டுல போய் நிக்கறானோ. அவங்க பயந்துக்கிட்டு விரட்டிடக் கூடாதே.”

பெரியவள் அடுத்த லீவிலிருந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு கரையோர ஊர்களுக்குப் போக ஆரம்பித்தாள். சில நாள் மாமாவும் வருவார், பேசாமல் பின்னால் நடப்பார். கடலில் ஆளைப் பறிகொடுத்த வீடு எது என்று விசாரித்துக் கதவைத் தட்டி, வீட்டுக்குள் காரணமில்லாமல் ஈரம் இருக்கிறதா என்று கேட்பார்கள். சிலர் பரிதாபமாகப் பார்த்தார்கள், தண்ணீர் கொடுத்தார்கள். ஒருவர் நாயை அவிழ்த்துவிட்டார்.

வடக்கே, கலங்கரை விளக்கத்தைத் தாண்டி, தனியாக ஒரு வீடு. நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி கதவைத் திறந்தாள். அம்மா கேட்க வேண்டியதைக் கேட்டாள். அந்தப் பெண் பதில் சொல்வதற்கு முன்னால் ஒருமுறை வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தாள்.

“மெதுவாப் பேசுங்க” என்று சொல்லி, ஒதுங்கி வழிவிட்டாள்.